பக்கத்துத் தெருப் பட்டறைக்கு ஒரு டெண்டர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊர் மாநகராட்சிப் பள்ளிக்கு வெளிமாநில லாரியில் வந்து இறங்கிய டெஸ்க், பெஞ்சுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஸ்கொயர் பைப்பை அளவுக்கு வெட்டி, வெல்டிங் வைத்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, மேலே பலகையை முடுக்கினால் முடிகிற வேலை. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் உங்கள் பட்டறையில் அதே மாதம் ஆர்டர் இல்லாமல் ஆட்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். "தொழில் தொடங்க வாருங்கள் என்று உலகத்தையே கூப்பிடுகிறார்கள். ஏற்கெனவே தொழில் செய்கிறவனுக்கு மாநகராட்சி என்னதான் செய்யும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறையச் செய்யலாம் என்பதுதான் என் பதில். ஆனால் உள்ளூர்க்காரருக்கு மட்டுமே டெண்டர் கொடுக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மாநகராட்சியின் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மின் கட்டணத்தைக் குறைக்க அதற்கு அதிகாரம் கிடையாது. வங்கிக் கடனுக்கு வட்டி நிர்ணயிப்பதும் அது இல்லை. தொழிற்பேட்டை சிறு தொழில் கழகமான சிட்கோவிடம் இருக்கிறது, பெரிய ஆலைகளைக் கொண்டுவரும் ஒப்பந்தங்கள் மாநில அரசிடம். ஆனால் மாநகராட்சி ஒவ்வொரு நாளும் எதையாவது வாங்கிக்கொண்டே இருக்கிறது. தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், தூய்மைப் பணியாளர்களின் சீருடை, குப்பை அள்ளும் தள்ளுவண்டி, பைப், பெயிண்ட், ரசீதுப் புத்தகம், பள்ளிக்கு மேசை நாற்காலி, மோட்டார் ரிப்பேர் என்று பட்டியல் நீளும். ஊரிலேயே பெரிய வாடிக்கையாளர் அதுதான். அந்த வாடிக்கையாளர் யாரிடம் வாங்குகிறார், எந்த அளவில் வாங்குகிறார், எப்போது காசு கொடுக்கிறார் என்பதில் உங்களைப் போன்ற எத்தனையோ பட்டறைகளின் கதி அடங்கியிருக்கிறது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஓர் ஊரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிரெஸ்டன் என்ற நகரம். மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குள். நம் நாட்டுக் கைத்தறிக்காரர்களின் பிழைப்பைப் பறித்த மில் துணி வந்த பகுதி அது. பிறகு அந்த மில்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1931-இல் காந்தி லங்காஷயரின் டார்வென் ஊருக்குப் போய், அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களையே நேரில் சந்தித்தார். பிரெஸ்டனிலிருந்து அந்த ஊர் அதிக தூரமில்லை.

பிரெஸ்டன் நகர மன்றம் வெகுகாலம் ஒரே ஒரு திட்டத்தை நம்பிக் காத்திருந்தது. டித்பார்ன் என்று பெயர். 70 கோடி பவுண்டில் நகரின் நடுவே மாபெரும் வணிக வளாகம். ஜான் லூயிஸ் என்ற பெரிய கடைக் குழுமம் வந்து உட்கார்ந்தால் மற்றவர்களும் வருவார்கள், ஊர் பிழைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. 2011-இல் அந்தக் குழுமம் விலகியது. திட்டம் அத்தோடு முடிந்தது. அதே சமயத்தில் லண்டன் அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் நிதியையும் வெட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை, மேலிருந்தும் பணம் வராது என்ற நிலை.

அப்போது நகர மன்ற உறுப்பினராக இருந்த மேத்யூ பிரவுனும் அவருடைய சகாக்களும் மான்செஸ்டரைச் சேர்ந்த கிளெஸ் என்ற ஆய்வு அமைப்போடு உட்கார்ந்து, ஊரிலேயே இருக்கும் பணம் எங்கே போகிறது என்று தேடினார்கள். நகர மன்றம், மாவட்ட மன்றம், காவல்துறை, கல்லூரிகள், வீட்டுவசதிச் சங்கம் ஆகியவற்றின் கொள்முதல் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். இந்த நிறுவனங்கள் ஊரை விட்டு எங்கும் ஓடிவிடாது. இவை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 75 கோடி பவுண்டுக்குப் பொருளும் சேவையும் வாங்கிக்கொண்டிருந்தன. அதில் பிரெஸ்டன் நகரத்து நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது 2012-13-இல் வெறும் 5 சதவீதம். லங்காஷயர் முழுவதையும் சேர்த்தால்கூட 39 சதவீதம்தான். கடைக் குழுமம் வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் சொந்தப் பணமே ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் உங்களுக்கு முக்கியம். உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று அவர்கள் விதி போடவில்லை. ஐரோப்பியக் கொள்முதல் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவும் இல்லை. டெண்டரின் உருவத்தைத்தான் மாற்றினார்கள். மாவட்ட மன்றத்தின் பள்ளி மதிய உணவு ஒப்பந்தம் நல்ல உதாரணம். எல்லாப் பொருளையும் ஒரே ஒப்பந்தமாகக் கட்டிக் கேட்டால் அதை எடுக்க ஒரு பெரிய கம்பெனியால்தான் முடியும். அதை 9 பிரிவாக உடைத்தார்கள். தயிருக்குத் தனி டெண்டர், முட்டைக்குத் தனி, பாலுக்குத் தனி. யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். பால் மட்டும் விற்கிறவர் பாலுக்கு மட்டும் விலை கொடுத்தால் போதும் என்றானதும், லங்காஷயர் விவசாயிகளிடம் கொள்முதல் செய்யும் உள்ளூர் வியாபாரிகள் துணிந்து வந்தார்கள். 9-ஐயும் அவர்களே எடுத்தார்கள். சலுகை எதுவும் கேட்கவில்லை, போட்டியில் நின்றுதான் எடுத்தார்கள்.

2016-17-இல் மறுபடி கணக்கு எடுத்தபோது பிரெஸ்டனுக்குள் செலவான பங்கு 18 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. லங்காஷயர் முழுவதுக்குமான பங்கு 79 சதவீதம். அந்த நிறுவனங்களின் மொத்தச் செலவு அதற்குள் குறைந்துவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்த பணத்திலும் நகரத்துக்குள் போனது 3.8 கோடி பவுண்டிலிருந்து 11 கோடிக்கு மேல் ஏறியது. பழைய அங்காடிக் கூரைகளைச் செப்பனிட்டு, 2018-இல் புதிய சந்தைக் கூடத்தைத் திறந்தார்கள். நகர மன்றம் தன் ஊழியர்களுக்கு வாழ்வதற்குப் போதுமான கூலி கொடுப்பதாக 2012-லேயே ஏற்றுக்கொண்டது. 2023-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்தத் திட்டம் நடந்த காலத்தில் பிரெஸ்டனின் இடைநிலைக் கூலி, வழக்கமான போக்கில் எதிர்பார்த்திருக்கக்கூடியதைவிட 11 சதவீதம் கூடியிருந்ததாகச் சொல்கிறது. மனச்சோர்வும் குறைந்திருந்ததாம். எல்லாமே டெண்டரை உடைத்ததால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்டர் இல்லாத பட்டறையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, வேலைக்கும் மனத்துக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கோரிக்கைக்கு வருகிறேன். ஒவ்வொரு மாநகராட்சியும் தன் எல்லைக்குள் இருப்பவரிடம் மட்டுமே வாங்கும் என்று விதி வந்தால், கோயம்புத்தூர் பம்பு யாருக்கு விற்கும்? கரூர் கொசுவலைக்கும் சிவகாசி அச்சகத்துக்கும் என்ன ஆகும்? தமிழ்நாட்டின் தொழில் ஊர்கள் எல்லாமே வெளியூர் ஆர்டரில் நிற்பவை. நீங்களே பக்கத்து மாவட்டத்துக் கல்யாண மண்டபங்களுக்கு நாற்காலி செய்து அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். கதவை அடைக்கச் சொன்னால் அது உங்கள் முகத்திலும் அடைபடும். இங்கே 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் இருக்கிறது, வெளியூர்க்காரரை நுழையவே விடாதே என்று கேட்டு ஜெயிக்கவும் முடியாது. நான் நுழையும்படி வாசலை அமை என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நீங்கள் அனுப்பிய டெண்டர் ஆவணத்தின் நகலை வரிவரியாகப் படித்தேன். ஆவணத்தில் பெஞ்சின் வரைபடம் ஒரே ஒரு பக்கம். தகுதி நிபந்தனைகள் பல பக்கம். கடந்த மூன்று ஆண்டின் விற்றுமுதல் இவ்வளவு இருக்க வேண்டும், இதே மாதிரி வேலையை அரசுத் துறைக்கு இவ்வளவு மதிப்புக்கு முன்பே செய்திருக்க வேண்டும், சால்வன்சி சான்றிதழ் வேண்டும், ஈ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். நகரத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே தொகுப்பு. மொத்தமும் குறிப்பிட்ட நாளுக்குள் வந்து இறங்க வேண்டும். ஒரு பெஞ்சை உங்களைவிட நன்றாகச் செய்ய முடியாதவர்கூட இந்த நிபந்தனைகளைத் தாண்டிவிடலாம். உங்களால் முடியாது. அரசு வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் அரசு வேலை கிடைக்கும் என்றால் முதல் வேலை எங்கிருந்து வரும்?

அதையே மண்டலவாரியாகப் பிரித்துக் கேட்டிருக்கலாம். இத்தனை பெஞ்சு வரைக்கும் முன் அனுபவம் தேவையில்லை, ஒரு மாதிரிப் பெஞ்சு செய்து காட்டி, பொறியாளர் ஏறி நின்று பார்த்து ஒப்புக்கொண்டால் போதும் என்று வைத்திருக்கலாம். நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரே விலைப்புள்ளி கொடுக்க அனுமதித்திருக்கலாம். அடுத்த ஆண்டு என்னென்ன வாங்கப்போகிறோம் என்று பட்ஜெட் முடிந்ததுமே பட்டியல் போட்டு மாவட்டத் தொழில் மையத்திலும் மாநகராட்சி அலுவலக வாசலிலும் ஒட்டலாம். இதற்கெல்லாம் கூடுதலாகச் செலவில்லை, அதிகாரிகளுக்கு வேலை கொஞ்சம் கூடும். பத்து பேரின் பில்லைச் சரிபார்ப்பதைவிட ஒருவரின் பில்லைச் சரிபார்ப்பது சுலபம். அந்தச் சுலபத்துக்கு ஊர் கொடுக்கும் விலையை யாரும் எங்கும் கணக்கில் எழுதுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

மத்திய அரசு இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2012-இல் கொண்டுவந்த கொள்முதல் கொள்கைப்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 ஆக இருந்ததை 2018-இல் உயர்த்தினார்கள். அதற்குள் பட்டியலினத்தார், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்துபவைக்கு 3 சதவீதம். அந்தக் கொள்கை உள்ளாட்சிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இப்படி ஓர் இலக்கு வைத்து, எட்டினோமா இல்லையா என்று ஆண்டுதோறும் மாமன்றத்தில் அறிக்கை வைப்பதற்கு எந்த மேயருக்கும் தடையில்லை.

டெண்டர் கிடைத்துவிட்டால் மட்டும் பட்டறை பிழைத்துவிடுமா? பில் பாஸாக வேண்டும். நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம் இது. உங்கள் மைத்துனர் ஓர் அரசு அலுவலகத்துக்கு அலமாரி செய்து கொடுத்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் பாக்கிக்கு அலைந்தார், இரும்புக் கடைக்காரருக்கு வட்டி கட்டியே லாபம் முழுவதும் கரைந்தது என்று. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்களிடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. வழக்கைக் கேட்பதற்கென்றே வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்த ஆர்டருக்கும் அதே மேசைக்குத்தான் போக வேண்டும் என்னும்போது யார் புகார் கொடுப்பார்கள்? ஆகவே இது சிறு தொழில்காரரின் துணிச்சலைச் சார்ந்து நிற்கக் கூடாது. எந்தப் பில் எந்தத் தேதியில் வந்தது, இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதை மாநகராட்சி தானே வாராவாரம் வெளியிட வேண்டும். ஓர் ஆணையர் மனது வைத்தால் இதை உடனே தொடங்கலாம். கடன் மேளாக்களைவிட இது அதிகப் பட்டறைகளைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு மாநகராட்சி தன் செலவையே வேலைவாய்ப்பாக மாற்றுவதற்கு நம்மிடமும் சான்று உண்டு. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தைத் தொடங்கியபோது, சமையலை ஒரு கேட்டரிங் கம்பெனியிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் கொடுத்தது. 1 ரூபாய் இட்லியைப் பற்றி ஊரே பேசியது. வார்டுக்கு வார்டு வீட்டுப் பக்கத்திலேயே பெண்களுக்கு நிலையான வேலை கிடைத்ததைப் பற்றி அதில் பாதிகூடப் பேசவில்லை.

அதே சென்னையில் 2025 ஆகஸ்டில் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைப்பதை எதிர்த்த போராட்டம். கம்பெனிக்கு மாறினால் சம்பளம் குறையும் என்பது அவர்கள் பயம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. புதிய வேலைகளை உருவாக்குவோம் என்று சொல்லும் எந்த நகரமும், ஏற்கெனவே தன்னிடம் குப்பை அள்ளிக்கொண்டிருப்பவரின் கூலியை முதலில் காப்பாற்ற வேண்டும். அந்தக் கூலிதான் தெருமுனை மளிகைக் கடைக்குப் போகிறது, இட்லிக் கடைக்குப் போகிறது, உங்கள் பட்டறையில் கட்டிலுக்கு ஆர்டர் கொடுக்கவும் வருகிறது.

தள்ளுவண்டிக் கடைகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று விசாரியுங்கள்.

நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். கடந்த மூன்று நிதியாண்டுகளில் மாநகராட்சி வாங்கிய பொருட்கள், ஒவ்வொன்றின் மதிப்பு, கொடுத்த நிறுவனத்தின் பெயர், அது எந்த ஊர், பில் வந்த தேதி, பணம் கொடுத்த தேதி. இந்த ஆறு விவரத்தை மட்டும் கேளுங்கள். காரணம் எழுதத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பிரெஸ்டன்காரர்களும் இப்படி ஒரு பட்டியலில்தான் தொடங்கினார்கள். பட்டியல் கைக்கு வந்ததும் உங்கள் சங்கத்துக்காரர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து, இதில் நம் ஊரில் செய்ய முடிந்தது எது என்று பேனாவால் வட்டம் போடுங்கள். பட்ஜெட் கூட்டத்துக்கு முன்பே அந்தத் தாளை வார்டு கவுன்சிலரிடமும் மேயரிடமும் கொடுத்துவிடுங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இன்னும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, இந்த வாரமே முடித்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் 45 நாள் சட்டம் உங்களுக்கு உதவாது.

மனுவை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வாசகத்தில் ஏதாவது திருத்த வேண்டுமென்றால் சேர்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்