கேட்காமலே ஓடும் புரோகிராம்களை நிறுத்துவோம்



இன்று நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பும் குழுவின் கணக்கும் அதில்தான். கூட்டங்களுக்கு வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை இது: "ஆன் பண்ணிட்டு உலை வச்சா சோறே வெந்துடுது, இது இன்னும் திறக்கல." கடையில் காட்டினால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். அதற்காகக் குழுவில் கடன் கேட்பதற்கு முன்னால், செலவில்லாத ஒரு வேலையைச் செய்து பார்ப்போம்.

ஏன் மெதுவாகிறது?

விண்டோஸ் கூடவே நாம் கேட்காத பல புரோகிராம்களும் வருகின்றன. எக்ஸ்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்றவை ஒரு பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனி போட்டு அனுப்பும் சில மாத ஆன்டிவைரஸ் இன்னொரு பக்கம். ஆன் செய்ததும் இவற்றில் சில தானாகவே ஓடி, ராம் என்னும் நினைவகத்தில் இடம் பிடித்துக்கொள்ளும். சேமிப்பு கட்டாமல் கடன் மட்டும் வாங்குகிற உறுப்பினர் மாதிரி! போனில் இருந்து நெட் எடுத்தால் டேட்டாவும் கரையும்.

நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு

நிறுத்தினால் புரோகிராம் தானாகத் தொடங்காது. தேவைப்படும்போது நாமே திறக்கலாம். நீக்கினால் கம்ப்யூட்டரை விட்டே போய்விடும். அதனால் முதலில் நிறுத்திப் பாருங்கள்.

செய்யும் முறை (விண்டோஸ் 10, 11)

1. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும்.
2. அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போங்கள். தானாகத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். 'ஹை' என்று போட்டிருப்பவை அதிகம் தாமதம் செய்பவை.
3. வேண்டாத பெயரில் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். பெயரை நோட்டில் எழுதி வையுங்கள்.
4. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

அறவே வேண்டாததை நீக்க, செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். சிலவற்றுக்கு அந்தப் பட்டன் வேலை செய்யாது. அவற்றை விண்டோஸ் நீக்க விடாது, அப்படியே விட்டுவிடுங்கள்.

இதைக் கவனியுங்கள்

* விண்டோஸ் செக்யூரிட்டியைத் தொடவே வேண்டாம். அது வீட்டு வாசல் கதவு. காலம் முடிந்து பணம் கேட்கும் ஆன்டிவைரஸை நீக்கினால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் காவலுக்கு வந்துவிடும். வந்துவிட்டதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.
* ஒன்டிரைவை நிறுத்தும் முன் கணக்கு ஃபைல்களைப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். ஃபைல் பக்கத்தில் மேகப் படம் இருந்தால், அது இணையத்தில் மட்டுமே இருக்கிறது என்று அர்த்தம்.
* சவுண்ட், டச்பேட் சம்பந்தப்பட்டதையும், என்னவென்று தெரியாத பெயரையும் விட்டுவிடுங்கள்.
* 'கம்ப்யூட்டரை வேகமாக்கும்' என்று விளம்பரம் வரும் இலவச மென்பொருளை இறக்க வேண்டாம். அதுவே இன்னொரு சுமை.

ஒரு விஷயம். இதனால் வேகம் கூடலாம், ஆனால் பாதுகாப்பு கூடாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்கு மாறுமா என்று செட்டிங்ஸில் 'அப்டேட்' பகுதியில் பாருங்கள். மாறாது என்றால் பேங்க் வேலையை அதில் செய்யாமல் இருப்பது நல்லது. புதுசு வாங்குவதா என்று அப்போது யோசிக்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

* நம் கம்ப்யூட்டரில் தானாக ஓடுபவை எத்தனை? அதில் நமக்கு வேண்டியவை எவை?
* குழுக் கணக்கின் காப்பி வேறு எங்கே இருக்கிறது? அதை வைத்திருப்பது யார்?

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும். மௌஸ் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒருமுறை நீங்களே செய்துவிட்டால், அடுத்த முறை யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.