ஒன்றை மாற்றி ஏனையவற்றை நிறுத்தல்

ஊசலின் அலைவுக்காலத்தை அளக்குஞ் சோதனையை நம் மாணவருட் பலர் செய்திருப்பர். நூலின் நீளத்தைக் கூட்டியுங் குறைத்தும் ஊசலை ஆட்டி, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, அட்டவணை எழுதி, ஆசிரியரிடங் கையொப்பம் பெற்றவுடன் அது முடிந்துவிடுகின்றது. நீளத்தை மாற்றும்பொழுது குண்டையும் ஏன் உடன் மாற்றலாகாது என்று வினவுவார் சிலரே. இரண்டையும் ஒருங்கே மாற்றினால், காலத்திற் கண்ட வேறுபாடு எதனால் வந்தது என்று சொல்ல இயலாது போம். குண்டின் நிறையால் வேறுபாடு இல்லை என்பதுகூட, நீளத்தை மாறாது நிறுத்திக் குண்டை மட்டும் மாற்றிப் பார்த்தபின்னரே நாம் உறுதியாகக் கூறத்தக்கது.

நாம் வேண்டுமென்றே மாற்றுவதைச் சாரா மாறி என்றும், அதனைப் பற்றி மாறுவதைச் சார்ந்த மாறி என்றும், மாறாது நிறுத்தப்படுவனவற்றைக் கட்டுப்படுத்திய மாறிகள் என்றும் வழங்குவர். இவ்விலக்கணத்தை மனனஞ் செய்தல் எளிது. நூலும் குண்டும் நாம் வைத்தபடி இருக்கும். மனிதர் உண்பதும் உறங்குவதும் நோயுறுவதும் அங்ஙனமல்ல. அவ்விடத்து இவ்விலக்கணம் எவ்வாறு நின்றது என்பதற்கு, இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டில் நிகழ்ந்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். அது நம்மவர் அடுப்பில் நாடோறும் வேகும் புழுங்கலரிசியைப் பற்றியதாதலின், நமக்கு அயலானதும் அன்று.

அக்காலத்து மலாய் நாட்டிற் பெரிபெரி என்னும் நோய் பெருங்கொடுமை விளைத்தது. கால்கள் மரத்து வலியிழக்கும். சிலர்க்கு உடல் வீங்கும். இருதயந் தளர்ந்து மரணம் நேரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் இந்நோயால் மிகுதியாக மாண்டனர். தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கோ இது பெரும்பாலும் வாராதிருந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் என்பார் இவ்வேற்றுமையைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டது இந்தியாவினின்று வந்த புழுங்கலரிசி. நோயின் காரணம் அரிசியிலேயே உளது என்று அவர் கருதினார்.

கருத்து நன்றே. ஆயினும் அதனை உடனே ஒப்புக்கொள்ளாதாரைக் குறைகூறுதல் முறையன்று. சீனரும் தமிழரும் அரிசியில் மட்டுமோ வேறுபட்டனர்? ஒருவர் சுரங்கத்தில், ஒருவர் தோட்டத்தில். குடியிருப்பு வேறு, குழம்பு வேறு, குலமும் வேறு. கிருமிகளைப் பற்றிய புதுக்கொள்கை ஓங்கியிருந்த அந்நாளில், நோய் இடத்தைப் பற்றிய தொற்றே என்றவர் பலர். நீளம், குண்டு, நூல் யாவும் ஒருங்கே மாறிய ஊசலைப் போன்றதே பிராடன் கண்ட காட்சி. எத்துணைப் பெருந்தொகையினரைக் கண்டாலும் இக்குறை நீங்காது.

கோலாலம்பூர் மனநோயாளர் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டு இந்நோய் மிக்கிருந்தது. அங்கே வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் செய்த ஏற்பாடு மிக எளியது. ஒரு முற்றத்தின் இருபுறத்தும் ஒன்றையொன்று ஒத்த இரு கட்டடங்கள் இருந்தன. 1905 டிசம்பர் 5ஆம் நாள் நோயாளரை உணவுக்கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்புறத்தினின்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றோர் கீழைக் கட்டடத்திற்குச் சென்றனர். அவர்க்கு முன்போலவே சயாம் நாட்டு வெள்ளையரிசி. இரட்டைப்படை எண் பெற்றோர் மேலைக் கட்டடத்திற்குச் சென்றனர். அவர்க்கு இந்தியப் புழுங்கலரிசி. ஏனைய உணவுகள் இருசாரார்க்கும் ஒன்றே.

ஒற்றை இரட்டை எண்ணியது சிறுபிள்ளை விளையாட்டுப்போலத் தோன்றலாம். இச்சோதனையின் நயமே அதில்தான் உளது என்பது நம் கருத்து. வலியார் இவர், மெலியார் இவர் என்று மருத்துவர் தாமே தெரிந்து பிரித்திருப்பின், அவர் அறியாமலே தம் விருப்பம் அப்பிரிவில் நுழைந்திருக்கும். எண்ணுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. வயது, உடல்வலி, நோயின் பழமை முதலாய எண்ணிறந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாக நிறுத்துதல் எவர்க்கும் அரிது. அவற்றை இருபுறத்தும் ஒப்பச் சிதறவிடுதல் ஆகும்.

இடத்தைப் பற்றிய ஐயம் பின்னும் எஞ்சிற்று. கீழைக் கட்டடத்திலேயே நோய்க்கிருமி ஒளிந்திருப்பின் என் செய்வது? அதன்பொருட்டு 1906ஆம் ஆண்டின் நடுவில் பிளெச்சர் இருசாராரையும் கட்டடம் மாற்றிக் குடியேற்றினார். அரிசி மட்டும் அவரவர்க்கு முன்னையதே. நோய் கட்டடத்தோடு நில்லாமல் அரிசியைத் தொடர்ந்தது.

1906ஆம் ஆண்டு முடியுங்காறும் வெள்ளையரிசி உண்டோர் 120 பேர். அவருள் ஏறக்குறைய மூன்றிலொருவர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோர் 123 பேர். அவருள் நோயுடையார் இருவரே. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்பொழுதே நோயோடு வந்தவர்.

இனி மாணவர் ஒன்று வினவலாம், வினவுதலும் வேண்டும். இரு அரிசிகளும் புழுக்கியது புழுக்காதது என்பதில் மட்டுமோ வேறுபட்டன? ஒன்று சயாமில் விளைந்தது, மற்றது இந்தியாவில் விளைந்தது. ஆகவே அரிசி என்னும் ஒரு மாறிக்குள்ளே வேறு மாறிகள் அடங்கிக் கிடந்தன. அரிசியே காரணம் என்பது தெளிந்தது. அரிசியில் எது காரணம் என்பது தெளியவில்லை. அதனைத் தெளிய வேறு சோதனைகள் வேண்டியிருந்தன. பத்தாவியாவில் எய்க்மன் என்பார் 1890க்குப் பின்னர் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்து, தீட்டிய அரிசியால் அவற்றுக்கு இந்நோயை ஒத்த முடம் வருவதையும், தவிடு சேர்ப்பின் அது நீங்குவதையும் முன்னரே கண்டிருந்தார். மலாய் நாட்டிலும் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், அதே வெள்ளையரிசியோடு தீட்டிக் கழித்த தவிட்டைச் சேர்த்துக் கோழிகளுக்கு ஊட்டி, அவை நலமுற்றிருக்கக் கண்டனர். இங்கே அரிசி ஒன்றே, நாடும் ஒன்றே. தவிடு மட்டும் மாறியது.

எய்க்மனுங்கூட, அரிசியில் ஒரு நஞ்சு உளது, தவிடு அதற்கு மாற்று மருந்து என்றே முதலிற் கருதினார். சோதனை இன்னதால் இன்னது நிகழும் என்று காட்டும். ஏன் நிகழ்கின்றது என்பதை அதுவே சொல்லிவிடாது. நஞ்சு அன்று, தேவையான ஒரு பொருள் குறைதலே காரணம் என்று 1901இல் கிரைன்ஸ் என்பார் கூறினார். அப்பொருளை 1926இல் ஜான்சன், டோனாத் என்போர் ஜாவாவிலேயே தவிட்டினின்று படிகமாகப் பிரித்தெடுத்தனர். தயமின் என்று நாம் வழங்குவது அதுவே. நெல்லைப் புழுக்குங்கால் அது தவிட்டினின்று அரிசிக்குள் ஊறுவதால், பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகின்றது. காரணம் அறியாமலே நம் முன்னோர் நெல்லை அவித்து உலர்த்தி வந்தனர்.

மேற்கூறிய 18 பேரைப் பற்றி ஒரு சொல். அவர் தம் உணவைத் தாமே தெரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர். அவர்க்குப் புதிதாகத் தீங்கு ஒன்றும் ஊட்டப்படவில்லை, முன் உண்டதே கொடுக்கப்பட்டது என்பது உண்மை. தொடக்கத்தில் எவ்வரிசி நல்லது என்று ஒருவரும் துணிந்து கூறியிருக்கவும் இயலாது. ஆயினும் மாதங்கள் செல்லச் செல்ல ஒருபுறம் நோயும் சாவும் பெருக, மறுபுறம் ஒன்றும் இல்லாதிருந்ததை நாடோறும் கண்டவர் எப்பொழுது நிறுத்தியிருக்க வேண்டும் என்னும் வினா எளிதன்று. பின்னர் ஜாவா நாட்டுத் தொழிலாளர் சுமார் 300 பேரிடை இதனை மீண்டும் சோதித்த பிரேசரும் ஸ்டாண்டனும், வெள்ளையரிசிக் குழுவில் நோய் தோன்றியபின் அவர்க்குப் புழுங்கலரிசி கொடுத்தனர், நோயும் நின்றது. உட்படுவோரின் சம்மதம் வேண்டும் என்பதும், உயிருக்கு இடர் வருமென்று கண்டால் எந்நிலையிலும் சோதனையை நிறுத்த வேண்டும் என்பதும் 1947இல் நூரம்பர்க் நெறிகளில் எழுதப்பட்டன.