சதுப்பு நிலத்துப் பொன் பழம்

மழையில் நனைந்து, அட்டைக் கடியைப் பொறுத்துக்கொண்டு கொழுந்து எடுப்பது நமக்குப் பழகிய வேலை. நம்மைப் போலவே குனிந்து நின்று, கையால் ஒவ்வொன்றாகப் பறிக்கும் மக்கள் உலகத்தின் வடகோடியிலும் இருக்கிறார்கள். அவர்கள் பறிப்பது கொழுந்து அல்ல, ஒரு பழம். ஆங்கிலத்தில் கிளவுட்பெரி என்பார்கள். பின்லாந்துக்காரர்கள் லக்கா என்கிறார்கள்.

செடி எப்படிப்பட்டது?

நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா முதலிய குளிர் நாடுகளின் சதுப்பு நிலங்களில் இது தானாக முளைக்கிறது. உயரம் ஒரு சாண்தான். ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பூ, ஒரே ஒரு பழம். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும் நேரத்தில் உறைபனி விழுந்தால் அந்த வருட விளைச்சல் போச்சு!

இன்னொரு வேடிக்கை: காயாக இருக்கும்போது சிவப்பு, கனிந்த பிறகே பொன்மஞ்சள். சிவப்பைப் பார்த்து அவசரப்பட்டால் வாயில் புளிப்புத்தான் மிஞ்சும்.

இதைப் பயிரிட்டு வளர்ப்பது சிரமம். ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வாளியோடு சதுப்புக்குள் இறங்க வேண்டும். நமக்கு அட்டை என்றால் அவர்களுக்கு நுளம்பு, கூட்டங்கூட்டமாக மொய்க்கும். இருந்தும் விடமாட்டார்கள். பின்லாந்தின் 2 யூரோ நாணயத்தில் இந்தச் செடியைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

ஏன் இத்தனை மதிப்பு?

அந்த நாடுகளில் நீண்ட பனிக்காலத்தில் பச்சை இலையே கிடைக்காது. முற்காலத்தில் பலருக்கு ஸ்கர்வி நோய் வரும். ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய புண் மறுபடி திறக்கும். விற்றமின் சி இல்லாததே காரணம். இந்தப் பழத்தில் அந்தச் சத்து தோடம்பழத்துக்குக் குறையாமல், பல வேளை அதற்கு மேலாகவே உண்டு. அத்துடன் பென்சோயிக் அமிலம் என்ற பொருளும் இயற்கையாகவே இருப்பதால், சீனி சேர்க்காமலே குளிரான இடத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். சாமி என்ற வடநாட்டுப் பழங்குடியினர் கலைமான் பாலோடு சேர்த்து இதை உண்டு வந்தார்கள்.

நமக்கு என்ன பாடம்?

அந்தப் பழத்தைத் தேடி நாம் எங்கும் போக வேண்டாம். லயத்துக்குப் பின்னால் நிற்கும் கொய்யா மரத்தைப் பாருங்கள். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. நெல்லியிலும் நிறைய இருக்கிறது.

இந்தச் சத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ள இது உதவுகிறது. இரும்புச்சத்துப் போதாவிட்டால் இரத்தம் குறையும். மலை ஏறும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும், கொழுந்துக் கூடை மலை போலக் கனக்கும். கர்ப்பிணித் தாய்க்கும் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் இது ஆபத்து.

தேயிலை நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதே தேத்தண்ணியைச் சோற்றோடு குடித்தால், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுத்துவிடும்.

இன்றிலிருந்து மூன்று காரியம் செய்வோம்:

1. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே தேத்தண்ணி குடிப்போம்.
2. கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிவோம். கொதிக்கும்போது பிழிந்தால் சத்துக் குறைந்துவிடும்.
3. சாப்பாட்டோடு பிள்ளைகளுக்கு ஒரு கொய்யாவாவது கொடுப்போம்.

கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை தந்திருந்தால் அதை நிறுத்த வேண்டாம். பழம் துணைதான், மருந்துக்குப் பதில் அல்ல.

ஒரு பழத்துக்காக அவர்கள் சதுப்பில் இறங்கி நுளம்புக் கடி படுகிறார்கள். நம் பழமோ வாசலிலேயே விழுந்து கிடக்கிறது. எடுத்துக் கழுவிச் சாப்பிடுவோமா?