நிறுத்தும் பொறுப்பு லிமிட் சுவிட்சுக்கே: ரிலே வழி மோட்டார் இணைப்பு

பசுமைக்குடிலின் பக்கத்திரையை ஏற்றி இறக்க 12 வோல்ட் வைப்பர் மோட்டார் ஒன்று போதும். அதை ஓட்டுவது எளிது, சரியான இடத்தில் நிறுத்துவதுதான் கடினம். சுருட்டுக்குழாய் உச்சியைத் தொட்ட பிறகும் மோட்டார் இழுத்துக்கொண்டே இருந்தால் திரை கிழியும், அல்லது மோட்டாரின் சுருள் கருகும். ஓடும்போது நாலைந்து ஆம்பியர் எடுக்கிற மோட்டார் அடைபட்டு நின்றால் அதைப் போலப் பல மடங்கு எடுக்கும். ஆகவே இரு முனையிலும் லிமிட் சுவிட்ச் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை எங்கே இணைப்பது என்பதில்தான் வேறுபாடு. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை லிமிட் சுவிட்ச் தானே துண்டிக்க வேண்டும் என்பது என் கருத்து. முனை வந்துவிட்டது என்று இன்னொரு கருவிக்குச் செய்தி சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடக் கூடாது.

செய்தி அனுப்பும் முறையில் சுவிட்ச், மெல்லிய கம்பி, கட்டுப்பாட்டுப் பலகை, அதில் ஓடும் நிரல், ரிலேயின் காயில், ரிலேயின் காண்டாக்ட் என ஒவ்வொன்றும் ஒழுங்காக வேலை செய்தால்தான் மோட்டார் நிற்கும். இவற்றுள் மோசமானது காண்டாக்ட். தொடங்கும்போது பாயும் பெரிய மின்னோட்டத்தில் அது தீப்பொறி பட்டு உருகி ஒட்டிக்கொள்வது அறிந்த பழுது. ஒட்டிவிட்டால் காயிலில் மின்சாரம் நின்றாலும் மோட்டார் நிற்காது. நிரலில் நேரக்கணக்கு வைத்து நிறுத்தலாமே என்பார்கள். பேட்டரி இறங்கியிருக்கும் நாளில் திரை மெதுவாக ஏறும், காற்று தள்ளும் நாளில் இன்னும் மெதுவாகும். நேரம் ஒன்றுதான், தூரம் ஒன்றல்ல.

இனி இணைப்பு. எட்டுப் பின் பிளக்-இன் ரிலேயும் அதற்கான பேஸும் வாங்குங்கள். காயில் 12 வோல்ட் டிசி, காண்டாக்ட் 10 ஆம்பியர் இருக்கட்டும். வழக்கமான உருண்டை அடி ரிலேயில் 2, 7 காயில். 1, 8 காமன். 4, 5 என்.சி. (இயங்காதபோது மூடியிருப்பது); 3, 6 என்.ஓ. (இயங்காதபோது திறந்திருப்பது). வாங்கியதன் மேல் அச்சிட்ட படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே பாசிட்டிவ் கம்பியில் போட்டு, அதன் மறுமுனையை 4க்கும் 6க்கும் கொடுங்கள். நெகட்டிவை 3க்கும் 5க்கும் கொடுங்கள். 8லிருந்து நேராக மோட்டாரின் ஒரு கம்பிக்கும், 1லிருந்து இரண்டு லிமிட் சுவிட்சுகள் வழியாக மறு கம்பிக்கும் போகட்டும். காயிலின் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, வெள்ளைக்கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி வைத்தால் அணையும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் கட்டுப்பாட்டுப் பலகையைத் தாக்காது. இப்போது ரிலே அணைந்திருந்தால் திரை இறங்கும், இயங்கினால் ஏறும்.

லிமிட் சுவிட்சில் காமனையும் என்.சி.யையும் மட்டும் பயன்படுத்துங்கள், என்.ஓ. வேண்டாம். எலி கம்பியைக் கடித்தாலோ ஸ்க்ரூ தளர்ந்தாலோ மோட்டார் நின்றுவிடும். பழுது உடனே கண்ணுக்குத் தெரியும். என்.ஓ.வில் இணைத்திருந்தால் அதே பழுது திரை கிழியும் வரை மறைந்திருக்கும். ஆனால் கீழ் முனைச் சுவிட்ச் அழுந்தித் திறந்தபின் மோட்டார் எப்படி மேலே கிளம்பும்? அதற்குத்தான் ஒவ்வொரு சுவிட்சின் குறுக்கிலும் ஒரு 6ஏ10 டையோடு. கீழ் முனைச் சுவிட்சில் வெள்ளைக்கோடு ரிலேயின் பக்கம், மேல் முனைச் சுவிட்சில் மோட்டாரின் பக்கம். இறங்கும் திசையின் மின்னோட்டத்தைக் கீழ் டையோடு தடுக்கும், ஏறும் திசைக்கு வழிவிடும். டையோடு ஏறத்தாழ ஒரு வோல்ட்டைத் தின்னுமே, சூடாகுமே என்று கேட்கலாம். குழாய் சுவிட்சை விட்டு நகரும் அந்தச் சில நொடிகள் மட்டுமே அது சுமக்கிறது. சுவிட்ச் மூடியதும் மின்னோட்டம் அதன் வழியே திரும்பிவிடும்.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று. மைக்ரோ சுவிட்ச் அத்தனை மின்னோட்டத்தைத் தாங்குமா? மேலே 15 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருப்பது ஏசிக்கு. நம் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அந்த வசதி இல்லை. அதனால் அதே வகைச் சுவிட்ச் 125 வோல்ட் டிசியில் அரை ஆம்பியருக்கே தகுதி பெறுகிறது. ஆனால் 12 வோல்ட்டில் பொறி நீளாது. நல்ல தரச் சுவிட்ச் நாலைந்து ஆம்பியரைத் தயங்காமல் துண்டிக்கும். வாங்குமுன் டிசி தகுதியைப் பார்த்துவிடுங்கள். பெரிய மோட்டாருக்கு இது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே முதல் லிமிட் சுவிட்ச் காண்டாக்டரின் காயிலைத் துண்டிக்கட்டும். அதற்குச் சற்றுத் தள்ளி, முக்கியப் பாதையையே துண்டிக்கும் இரண்டாவது சுவிட்ச் இருக்கட்டும். லிஃப்டுகளில் இறுதி லிமிட் சுவிட்ச் தனியாக இருப்பதன் காரணம் இதுதான்.

மோட்டாரைப் பொருத்துமுன் மல்டிமீட்டரால் உடலுக்கும் கம்பிகளுக்கும் தொடர்ச்சி பாருங்கள். பல வைப்பர் மோட்டார்களில் நெகட்டிவ் உடலோடு சேர்ந்திருக்கும். திசை மாறும்போது அந்த உடல் பாசிட்டிவாகும்; நெகட்டிவோடு தொடர்புள்ள இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருந்தால் ஃபியூஸ் போகும். ரப்பர் தகடும் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைத்துத் தனிப்படுத்துங்கள். கம்பியின் தடிமனிலும் சிக்கனம் வேண்டாம்: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி 20 மீட்டர் ஓடி 5 ஆம்பியர் சுமந்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு. 2.5 நல்லது. நடுவழியில் நிறுத்த, ஃபியூஸுக்குப் பின் ஓர் ஆன்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். திசை மாற்றுமுன்னும் அதை அணைத்து மோட்டார் நின்றபின் மாற்றினால் ரிலே நெடுநாள் உழைக்கும்.

திரையை மாட்டாமலே சோதியுங்கள். இறங்கும் திசையில் மோட்டார் சுற்றுகையில் கீழ்ச் சுவிட்சை விரலால் அழுத்துங்கள்; நிற்க வேண்டும். அழுத்தியபடியே ரிலேயை இயக்குங்கள். எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். மேல் சுவிட்சையும் இப்படியே பாருங்கள். அழுத்தியும் நிற்காவிட்டால் அந்தச் சுவிட்சின் டையோடு தலைகீழாக இருக்கிறது. சுவிட்சுகள் சரியாக இருந்து, இறங்க வேண்டியபோது மோட்டார் ஏறும் திசையில் சுற்றினால் மோட்டாரின் முனையிலேயே இரு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். ரிலேயின் பக்கம் எதையும் தொடாதீர்கள்.