ஆங்கிலத்தில் வினையும் காலமும்



நம் தோட்டப் பள்ளியில் நாம் மும்மொழி பயில்கின்றோம். அவற்றுள் மலாய் மொழியின் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. ‘சுடா மாக்கான்’ என்றால் உண்டாயிற்று. ‘ஆக்கான் மாக்கான்’ என்றால் இனி உண்பது. ‘மாக்கான்’ மட்டும் அப்படியே நிற்கும். அது அம்மொழியின் இயல்பு, குறையன்று. ஆனால் அப்பழக்கத்தில் ஆங்கிலத்தையும் ‘ஐ ஆல்ரெடி ஈட்’ என்று பேசுவது பிழை. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்றல் வேண்டும்.

தமிழிலோ வினைச்சொல்லே காலங்காட்டும். காலம் மூன்று எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. ஆகவே ஐயம் எழுங்கால் முதலில் தமிழில் எண்ணிப் பார்ப்போம்.

‘மை ஃபாதர் கோ ஹாஸ்பிட்டல்’ என்று ஒரு மாணவன் ஆசிரியரிடம் கூறுவதாகக் கொள்வோம். தந்தை அங்குப் பணிபுரிகிறாரா? நோயுற்றுப் போனாரா? திரும்பிவிட்டாரா? ஆசிரியர் எப்படி அறிவார்? நாள்தோறும் போகிறார் எனில் ‘கோஸ்’. நேற்றுப் போனார் எனில் ‘வென்ட்’. போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை எனில் ‘ஹாஸ் கான்’. போய்வந்திருக்கிறார் எனில் ‘ஹாஸ் பீன்’. வீட்டில் ஆளில்லாத பிள்ளையைத் தனியே அனுப்பலாமா என்பதுகூட இந்த ஒரு சொல்லால் முடிவாகும்.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் நம்மை வழி தவறச் செய்யும். ‘போன ஆண்டு அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில், முடிந்துபோன காலத்தைக் குறித்துச் சொன்னால் ‘ஹேவ்’ வாராது. ‘ஐ சா ஹிம் லாஸ்ட் இயர்’ என்பதே சரி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் வெள்ளத்தில் மூழ்கியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதனை எழுதும்போது ‘தி ரிவர் ரோஸ் இன் 2006’ என்க. இன்று நீர் ஏறி நிற்பதைக் கண்டு சொல்வதானால் ‘தி ரிவர் ஹாஸ் ரிஸன்’. ரைஸ், ரோஸ், ரிஸன் என்பவற்றை மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை. விதி இங்கே கைகொடாது.

‘டிட் நாட் வென்ட்’ என்பது பலரிடம் காணும் பிழை. ‘போகவில்லை’ என்னும் சொல்லைப் பாருங்கள். அதில் ‘போக’ என்பது காலங்காட்டவில்லை. ‘போனவில்லை’ என்று எவரேனும் சொல்வாரா? அதுபோலவே ‘டிட்’ வந்தபின் ‘கோ’ தன் உருவிலேயே நிற்கும்: ‘டிட் நாட் கோ’.

பயிற்சி: ‘அக்காள் கடைக்குப் போயிருக்கிறாள். தம்பி நேற்றுப் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா தினமும் ஐந்து மணிக்கு எழுகிறார்.’ இவற்றை ஆங்கிலத்தில் எழுதி, விடுமுறை முடிந்ததும் வகுப்பாசிரியரிடம் காட்டுக.