முதற் குழந்தைக்குப் பால் போதவில்லையா? இரண்டாவது பிரசவத்துக்கு முன் அறியவேண்டியவை

முதற் குழந்தைக்குப் பால் போதாதிருந்த தாய்மாரிற் பலர், அடுத்த குழந்தைக்கும் அப்படியே ஆகும் என்று கருவுற்ற காலத்திலேயே முடிவு செய்துவிடுகின்றனர். மாமியாரும் அயலவரும் அதையே சொல்ல, பிரசவத்துக்கு முன்னரே பால்மாப் பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலும் இது அவசர முடிவாகும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜெனி இங்கிராமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 22 தாய்மாரிடம், முதற் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் சுரந்த பாலை அளந்து ஒப்பிட்டனர். அந்த ஆய்வு 2001 ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பிறந்து ஒரு வாரமானபோது, இரண்டாவது குழந்தைக்குக் கிடைத்த பால் சராசரியாக 31 சதவீதம் கூடியிருந்தது. முதல்முறை மிகக் குறைவாகச் சுரந்தவர்களிடமே அதிகரிப்பு மிகுதியாகக் காணப்பட்டது. 22 பேர் என்பது சிறிய தொகைதான். எந்தத் தாய்க்கும் இதை உறுதிமொழியாகக் கூற இயலாது. ஆயினும், முதல்முறை குறைந்தது மறுமுறையும் குறையும் என்ற எண்ணத்துக்கு இது நேர்மாறான சான்றாகும். பால்சுரப்பித் திசு ஒவ்வொரு கர்ப்பத்திலும் மீண்டும் வளர்கிறது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

முதல்முறை நடந்தது என்ன?

நச்சுக்கொடி வெளியேறிய பின்னர் உடலில் ஓமோன்கள் மாறுகின்றன. பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பால் பெருகுகிறது. அதுவரை சுரப்பது சீம்பால். அது சில தேக்கரண்டி அளவே இருக்கும். அந்நாட்களில் குழந்தையின் தேவையும் சிறிதே. அதன்பின் எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அவ்வளவு சுரக்கும். மார்பிற் பால் தேங்கினால் சுரப்பு மந்தமாகும். இரவில் தாய் உறங்கட்டும் என்ற அன்பினால் உறவினர் கொடுக்கும் ஒரு புட்டி, அந்நேரம் பாலைப் பம்பினால் எடுக்காவிடில், மறுநாட் சுரப்பைக் குறைக்கிறது. குறைந்ததைக் கண்டு இரண்டாவது புட்டி வருகிறது. பால் வற்றிவிட்டது எனப்படும் பல சந்தர்ப்பங்களின் தொடக்கம் இதுவே.

குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாமை, நாக்கின் அடியிலுள்ள தசைநார் இறுக்கமாயிருத்தல், குறைமாதப் பிறப்பு, தாயும் குழந்தையும் பிரிக்கப்பட்டிருத்தல் ஆகியவையும் இவ்வாறே பால் வெளியேறுவதைக் குறைக்கும். இவற்றை உரிய உதவியுடன் பெரும்பாலும் சரிசெய்யலாம். தாயின் உடல்சார்ந்த காரணங்கள் வேறு: பிரசவத்தில் மிகுந்த குருதியிழப்பு, கருப்பையில் நச்சுக்கொடியின் துண்டு தங்குதல், தைரொயிட் கோளாறு, கர்ப்பகால நீரிழிவு, முன்னர் செய்த மார்பு அறுவைச் சிகிச்சை, சுரப்பித் திசு போதிய அளவு வளராதிருத்தல். கர்ப்பகால நீரிழிவு தெற்காசியப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. அது பால் பெருகும் நாளைத் தாமதப்படுத்தக்கூடும். உண்மையிற் பால் குறையாமலே குறைந்ததாக எண்ணியோரும் உளர். மாலைவேளையில் குழந்தை இடைவிடாது பால் கேட்பதும், சில வாரங்களின் பின் மார்பு மென்மையாவதும் பால்குறைவின் அறிகுறிகளல்ல.

எது காரணம் என்பதை நினைவைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கத் தேவையில்லை. ஜேர்மன் குடியியற் சட்டக்கோவையின் 630f, 630g பிரிவுகளின்படி, மருத்துவ ஆவணங்கள் சிகிச்சை முடிந்து 10 ஆண்டுகள் பேணப்படவேண்டும். அவற்றைப் பார்வையிட நோயாளருக்கு உரிமை உண்டு. முதற் பிரதியை இலவசமாக வழங்கவேண்டும் என 2023 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குக் காரணம் கூறவேண்டியதுமில்லை. குருதியிழப்பின் அளவு, குழந்தையின் எடை வீழ்ச்சி, புட்டிப்பால் தொடங்கிய நாள் ஆகியவை அந்த ஆவணத்தில் இருக்கக்கூடும். மஞ்சள் நிறக் குழந்தைப் பரிசோதனைக் கையேட்டையும் உடன் எடுத்துச் செல்க.

ஹெபாம்மேயை முற்கூட்டியே தேடுதல்

இலங்கையிற் குடும்பநல மாது அழையாமலே வீட்டுக்கு வருவார். இங்கு ஹெபாம்மே எனப்படும் மருத்துவிச்சியைத் தாயே தேடிக்கொள்ளவேண்டும். பல நகரங்களில் அவர்களுக்குத் தட்டுப்பாடு நிலவுகிறது. ஆகவே கர்ப்பம் உறுதியானவுடன் தேடத் தொடங்குவதே உத்தமம். மருத்துவரின் சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. பிரசவத்தின் பின் முதல் 10 நாட்கள் நாள்தோறும் வருவதற்கும், பின்னர் 12 வாரங்கள் நிறைவுறும்வரை தேவைக்கேற்ப வருவதற்கும் ஆகும் செலவைச் சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. பாலூட்டுவதில் இடர்ப்பாடு இருப்பின் அதற்குப் பின்னரும் அவருடைய ஆலோசனையைப் பெறலாம். லா லேச்சே லீகாவின் தொண்டர்கள் பாலூட்டல் ஆலோசனையை இலவசமாக வழங்குகின்றனர். மருத்துவரின் றெசெப்ட் இருந்தால் மின்பம்பை அப்போதேக்கேயில் வாடகைக்குப் பெறலாம்; காப்புறுதி அதன் செலவை ஏற்கும்.

முதற் சந்திப்பிலேயே முந்தைய அனுபவத்தை முழுமையாகச் சொல்லவேண்டும். மொழித் தடை இருப்பின் வளர்ந்தவர் ஒருவரை அழைத்துச் செல்க. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது தகாது.

முதல் நாட்கள்

பிறந்த முதல் மணித்தியாலத்திலேயே குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் கிடத்துவதும், 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை பாலூட்டுவதும் அடித்தளமாகும். குழந்தையால் உறிஞ்ச இயலாவிடின், முதல் நாளிலிருந்தே கையாலோ பம்பாலோ பாலை எடுக்கவேண்டும். போதுமா என்பதை அழுகையைக் கொண்டன்றி, எடையையும் நப்கினையும் கொண்டே அறியலாம். ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு நப்கினாவது நன்கு நனையவேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை மீளவேண்டும். எடை 10 சதவீதத்துக்கு மேற் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்க விழிக்காது சோர்ந்திருந்தாலோ, நப்கின் நனையாதிருந்தாலோ, மஞ்சள் நிறம் கூடினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுக. மருத்துவமனையகம் மூடியிருக்கும் வேளையில் 116117, உயிராபத்தெனில் 112.

அத்தகைய வேளையில் மேலதிகப் பாலை மறுத்துத் தாய்ப்பாலுக்காகக் காத்திருத்தல் ஆபத்தானது. குழந்தைக்கு உணவு முதலிற் கிடைக்கவேண்டும். அதே வேளையிற் பம்பைக் கொண்டு சுரப்பையும் தூண்டலாம். எல்லா முயற்சிக்குப் பின்னரும் முழுமையாகச் சுரக்காத தாய்மார் உளர். அரைப்பங்கு தாய்ப்பாலும் அரைப்பங்கு பால்மாவும் கொடுப்பது முற்றிலும் ஏற்கத்தக்க வழி. அந்தத் தாயை எவரும் குறைகூறலாகாது.

சுறாவும் வெந்தயமும்

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுப்பது யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் நெடுங்கால வழக்கம். ஆனால் சுறா பிற மீன்களைத் தின்று வாழ்வதால் அதன் தசையிற் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறா, வாள்மீன் முதலியவற்றைத் தவிர்க்குமாறு ஜேர்மன் அதிகாரிகள் அறிவுறுத்துகின்றனர். சரக்குக் கறியைச் சிறு மீனிலோ கோழியிலோ வைத்துக்கொள்ளலாம். உள்ளியும் மிளகும் சுவைக்குத் தடையில்லை. வெந்தயம் பாலைப் பெருக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. கறியிற் சேரும் அளவு பாதகமன்று, நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் வெந்தய மாத்திரை எடுக்குமுன் மருத்துவரைக் கேட்கவேண்டும். உறவினர் வேறு நாட்டிலிருந்து கொண்டுவரும் டொம்பெரிடோன் மாத்திரையைத் தாமாக எடுத்தல் கூடாது. ஜேர்மனியில் பால்சுரப்புக்கு அது அங்கீகரிக்கப்படவில்லை. இதயத் துடிப்பைப் பாதிக்கவும் கூடும். பிறந்த குழந்தைக்குத் தேனும் சீனித் தண்ணீரும் வேண்டாம். தேன் ஓராண்டு நிறையும்வரை ஆபத்தானது.

வேலைக்குத் திரும்பும்போது

தாய்மைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி, குழந்தை பிறந்து 12 மாதங்கள் வரை, தாய் கேட்டால் நாளுக்கு இருமுறை அரைமணி நேரமோ ஒருமுறை ஒரு மணி நேரமோ பாலூட்டவும் பம்பவும் வேலைகொள்வோர் விடுவிக்கவேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்வோருக்கு இருமுறை 45 நிமிடம். உணவகத்திலோ துப்புரவுப் பணியிலோ மினிஜொப் செய்யும் தாய்க்கும் இது பொருந்தும். இந்நேரத்துக்குச் சம்பளம் வெட்டவோ, பின்னர் வேலை செய்து ஈடுசெய்யுமாறு கேட்கவோ முடியாது. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்க. மறுக்கப்பட்டால் அந்தந்த மாநிலத்தின் தாய்மைப் பாதுகாப்பு மேற்பார்வை அதிகாரியிடம் முறையிடலாம்.