உண்ணியின் வாய்: அது எப்படிக் கடிக்கிறது, எப்படிக் கழற்றுவது?

2007 மார்ச்சில் வாவியைக் கடந்து வந்து ஆரையம்பதியிலும் அயலூர்களிலும் தங்கியிருந்த குடும்பங்கள் படுவான்கரைக்குத் திரும்பியபோது, விட்டுவந்த வளவில் புல்லும் பற்றையும் வளர்ந்திருந்தன. பட்டி மாடுகள் கவனிப்பாரில்லாமல் அலைந்திருந்தன. வெறும் வீட்டுத் திண்ணையில் நாய்கள் படுத்திருந்தன. இவை உண்ணிக்கு வாய்ப்பான இடங்கள். இரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்க அதனால் முடியும்.

உண்ணி பூச்சி இனம் அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. வளர்ந்ததற்கு எட்டுக் கால், குஞ்சுக்கு ஆறு கால். தெள்ளைப் போலப் பாயாது, பறக்கவும் மாட்டாது. புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை விரித்து நிற்கும். மாடோ மனிதரோ உரசிக்கொண்டு போனால் தொற்றிக்கொண்டு, மெல்லிய தோல் தேடி ஊரும்: அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், பிள்ளைகளின் தலைமயிர் ஓரம்.

அதன் தலையே தோலுக்குள் புகுந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே போவது வாயுறுப்பு மட்டும்தான். வாயின் இரு பக்கமும் இரண்டு உணரிகள் உண்டு. அவை தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, கடிக்கும்போது விலகி வெளியே நின்றுவிடும். நடுவில் நுனியில் பல்லுள்ள இரண்டு மெல்லிய தண்டுகள். இவை மாறி மாறி நீண்டு தோலைக் கீறி வழி திறக்கும். அந்த வழியால் இறங்கும் உறுப்பை விளங்கிக்கொள்ளத் தூண்டில் முள்ளை நினைத்துப் பாருங்கள். முள் உள்ளே இலேசாகப் போகும், வெளியே வரும்போது சதையைக் கிழிக்கும். தூண்டிலில் இருப்பது ஒரு எதிர்முள்; உண்ணியின் வாயில் வரிசை வரிசையாக, எல்லாம் பின்னோக்கியபடி. நாயுண்ணி, மாட்டுண்ணி போன்றவற்றுக்கு வாய் குட்டை என்பதால் அவை எச்சிலோடு ஒரு பசையையும் சுரந்து, அது இறுகியதும் தோலோடு ஒட்டிக்கொள்கின்றன.

நுளம்பு இரத்தக்குழாயில் ஊசி போட்டதுபோல உறிஞ்சும். உண்ணி அப்படியல்ல. தோலின் கீழே சிறு குழாய்களை அறுத்து, ஒரு குட்டை இரத்தம் தேங்கவிட்டு, அதிலிருந்து குடிக்கும். எச்சிலில் உள்ள பொருட்கள் வலியையும் சொறிவையும் மழுக்கி, இரத்தம் உறையாமலும் தடுக்கின்றன. அதனால்தான் நாட்கணக்கில் இருந்தும் பலருக்குத் தெரிவதில்லை. பெண் உண்ணி ஒரு கிழமையளவு குடித்து, தன் நிறையைப் போல நூறு மடங்குக்கும் மேலாக, ஆமணக்கு விதைபோல ஊதும். குடித்த இரத்தத்தில் மிஞ்சிய நீரை எச்சிலாகத் திரும்பவும் நம் உடலுக்குள்ளேயே விடும். நோய்க்கிருமி இருந்தால் அந்த எச்சிலோடுதான் வரும்.

மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்புக் கொள்ளியால் சுடுவதும் ஏன் கூடாது என்பது இப்போது விளங்கும். வேதனைப்படும் உண்ணி இன்னும் எச்சிலைக் கக்கக்கூடும். பசையும் பற்களும் பிடித்திருப்பதால் உடனே கழன்றும் வராது. முள் எடுக்கும் சாவணத்தால், ஊதிய வயிற்றை நசுக்காமல், தோலோடு ஒட்டியபடி வாயடியில் பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக ஒரே சீராக இழுங்கள். சாவணம் இல்லாவிட்டால் துணித்துண்டு சுற்றிய விரல்களால் செய்யலாம். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாயின் துண்டு உள்ளே நின்றுவிட்டால் ஊசியால் தோண்ட வேண்டாம். உடல் அதைத் தானே தள்ளிவிடும். அந்த இடம் சிவந்து வீங்கினால் மட்டும் காட்டுங்கள்.

காதுக்குள் உண்ணி ஏறுவது இலங்கையில் வைத்தியர்கள் நன்கு அறிந்த விடயம். பிள்ளை காதுவலி என்று அழுதால், ஈர்க்காலோ ஊக்காலோ குடையாதீர்கள். செவிப்பறை கிழியலாம். ஆரையம்பதி வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள்.

கடித்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கடுந்தலையிடி, தோலில் சிவப்புத் தடிப்பு, அல்லது கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு வந்தால், "உண்ணி கடித்தது" என்று வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். டெங்கோ என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு சொல் வழிகாட்டும். உண்ணியால் வரும் இந்த வகைக் காய்ச்சலுக்கு நல்ல மருந்து உண்டு, தாமதியாமல் கொடுக்க வேண்டும்.

பட்டியை வீட்டிலிருந்து எட்டக் கட்டுங்கள். மாட்டின் காதடி, மடி, வாலடி ஆகிய இடங்களைக் கால்நடை வைத்தியரிடம் காட்டி மருந்து கேளுங்கள். நாயுண்ணி சுவர் வெடிப்புகளிலும் முட்டையிடும். ஆகவே குடிபுகுமுன் அந்த வெடிப்புகளைக் களிமண் பூசி அடைத்துவிடுங்கள்.